மண்ணுக்கும் வில்லங்கம் உண்டு

(தலைப்பு: கெட்டுப்போன மண்ணை மீட்கப் போவது அறிவியல் படித்த பிள்ளையா? சட்டம் படித்த பிள்ளையா? – 'சட்டம் படித்த பிள்ளையே' என்ற அணியில் பேசியது)

     

எனக்கு முன்னால் பேசிய சகோதரி வேதியியல் பேராசிரியை. என்ன அழகாகப் பேசினார்கள்! வெட்டிவேரை நட்டால் கெட்ட மண் தேறும் என்றார்கள். கடுகுச் செடி மண்ணில் இருக்கிற ஈயத்தை உறிஞ்சும் என்றார்கள். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர் இருக்கிறது, விட்டால் சாப்பிட்டுத் தீர்த்துவிடும் என்றார்கள். எனக்கே கைதட்டத் தோன்றியது. பக்கத்தில் இருந்த நம்ம அணித் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்க நம்ம அணி"ன்னார். (சிரிப்பு)

வெட்டிவேரில் எனக்கும் பெருமைதான். நம்ம தமிழ்ச் சொல்லை அப்படியே எடுத்துத்தான் உலகம் பூராவும் 'வெட்டிவர்' என்று சொல்கிறான். ஆனால் நடுவர் அவர்களே, நான் ஒரு சின்னக் கேள்வி கேட்கிறேன். அந்த வெட்டிவேரை யார் நிலத்தில் நடப் போகிறீர்கள்? யார் காசில் நடப் போகிறீர்கள்? நிலத்துக்காரன் "என் வேலிக்குள்ளே கால் வைக்காதே"ன்னு சொன்னால் வெட்டிவேர் என்ன செய்யும்? கேட் திறக்கணுமே! கேட்டைத் திறக்கிறது கடுகுச் செடியா, கோர்ட் உத்தரவா?

அந்த எண்ணெய் தின்னும் நுண்ணுயிர் கதையையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சகோதரி பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதை ஆய்வகத்தில் உருவாக்கியவர் நம்ம நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. காப்புரிமை கேட்டார். "உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, போ"ன்னு அனுப்பிவிட்டார்கள். விட்டாரா? 1980-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5 நீதிபதிகள் ஆதரவு, 4 நீதிபதிகள் எதிர்ப்பு, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆக, எதிரணி கொண்டுவந்த சாட்சியே கோர்ட் படியேறித்தான் வந்திருக்கு! (கைதட்டல்)

சரி, விளையாட்டு போதும். விஷயத்துக்கு வருவோம்.

ராணிப்பேட்டைக்குப் போனவர்கள் இங்கே யாராவது இருப்பீர்கள். அங்கே ஒரு குரோமேட் தொழிற்சாலை இருந்தது. 1990-களின் நடுவில் மூடிவிட்டார்கள். மூடினவர்கள் பூட்டைப் போட்டார்கள், சாவியை எடுத்தார்கள், போனார்கள். குப்பையை எடுக்கவில்லை. சுமார் இரண்டேகால் லட்சம் டன் குரோமியக் கழிவு. டன் கணக்கு உங்களுக்குப் பிடிபடாவிட்டால் லாரிக் கணக்கில் சொல்கிறேன். பத்து டன் லாரியில் ஏற்றினால் இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட லாரி! மழை பெய்தால் அந்தக் குவியலில் இருந்து மஞ்சளாகத் தண்ணீர் வடியும். நம்ம ஊரில் மஞ்சள் தண்ணீர் என்றால் மங்களம். அங்கே அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோயைக் கொடுக்கிற விஷம்.

இப்போ எதிரணியிடம் கேட்கிறேன். அந்த விஷத்தை முறிக்க வழி தெரியாதா உங்களுக்கு? தெரியும். இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறன் குரோமியமாக மாறும், விஷம் பெருமளவு குறையும், தண்ணீரில் அவ்வளவு சுலபமாகக் கரையாது. நானே தமிழ் வாத்தியார், எனக்கே தெரிஞ்சிருக்கு! உங்களுக்கு எத்தனையோ காலமாகத் தெரியும். தெரிந்தும் ஏன் ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கடந்தும் அந்தக் குவியல் அங்கேயே கிடந்தது? வேதியியல் போதாமலா? இல்லைங்க. "செலவு யாருது?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல்! அந்தக் கேள்வி எந்தச் சோதனைக் குழாயில் வரும்?

இதைவிடப் பெரிய உதாரணம் சொல்கிறேன். போபால். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கான பேர் செத்துப்போனார்களே, அந்த யூனியன் கார்பைடு ஆலை. ஜனங்கள் போனார்கள், கம்பெனி போனது, கழிவு போகவில்லை. 2004-ல் ஒரு தனி மனிதர் பொதுநல வழக்குப் போட்டார், இந்தக் கழிவை அப்புறப்படுத்துங்கள் என்று. 2015-லேயே பீதம்பூரில் இருக்கிற எரியூட்டும் நிலையத்தில் பத்து டன்னை எரித்துச் சோதனையும் பார்த்துவிட்டார்கள். அப்போ உலை இருந்தது. விஞ்ஞானி இருந்தார். அறிக்கை இருந்தது. எல்லாம் இருந்து, மிச்சக் கழிவு அங்கேயே இருந்தது! ஒன்பது வருஷம்!

2024 டிசம்பர் 3-ஆம் தேதி. சரியாக நாற்பது வருஷம். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் கோபத்தோடு ஓர் உத்தரவு போட்டது: நாலு வாரத்தில் அங்கிருந்து எடு! அவ்வளவுதான். 2025 புத்தாண்டு பிறந்த கையோடு பன்னிரண்டு கன்டெய்னர் லாரி வரிசையாகக் கிளம்பிவிட்டது. 337 டன். ஜூன் மாதக் கடைசிக்குள் எரித்து முடித்தார்கள். நாற்பது வருஷம் அசையாத தேர், வடம் பிடிக்க ஆள் வந்ததும் அசைந்தது. வடம் பிடித்தது யார்? கறுப்புக் கோட்டு! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் தலையை ஆட்டுகிறார். "எரித்தது நாங்கதானே?"ங்கிறார். ஆமாம், நீங்கதான். இல்லை என்று சொல்லவில்லை. சமைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறார். அடுப்பைப் பற்ற வை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கே! அதோடு முடிந்ததா? எரித்த சாம்பலை எங்கே புதைப்பது, அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு என்ன பாதுகாப்பு என்பதற்கும் திரும்ப அதே நீதிமன்றத்தில்தான் போய் நின்றார்கள்.

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம். நயாகரா நீர்வீழ்ச்சி கேள்விப்பட்டிருப்பீர்கள். தேனிலவுக்குப் போகிற இடம். நாம ஒகேனக்கல்லோடு சரி. (சிரிப்பு) அந்த நயாகரா நகரத்தில் 'லவ் கெனால்' என்று ஓர் இடம். பேரைக் கேட்டால் காதல் வாய்க்கால் என்று தோன்றும். லவ் என்பவர் வெட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட கால்வாய், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தில் ஹூக்கர் என்ற ரசாயனக் கம்பெனி 1942-லிருந்து பத்து வருஷத்துக்கு மேல் கிட்டத்தட்ட இருபத்தோராயிரம் டன் ரசாயனக் கழிவைக் கொட்டியது. பிறகு மண்ணைப் போட்டு மூடியது. 1953-ல் அந்த நிலத்தை விற்றது. யாருக்கு? பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு! என்ன விலைக்கு? ஒரே ஒரு டாலருக்கு!

நம்ம ஊரில் எவனாவது ஒரு ரூபாய்க்கு நிலம் தருகிறேன் என்றால் நாம என்ன செய்வோம்? ஓடிவிடுவோம்! "என்னய்யா வில்லங்கம்?"னு கேட்போம். அங்கே கேட்கவில்லை. இத்தனைக்கும் பத்திரத்திலேயே எழுதியிருக்கு: இந்த இடத்தில் ரசாயனக் கழிவு இருக்கிறது, நாளைக்கு யாருக்கு எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்று. அதிலே கையெழுத்துப் போட்டு வாங்கி, பள்ளிக்கூடம் கட்டி, சுற்றிலும் வீடுகளும் வந்துவிட்டன.

1970-களில் நல்ல மழை, பனி. நிலத்தடி நீர் மேலே வந்தது. கூடவே கொட்டினதும் மேலே வந்தது. வீட்டு அடித்தளத்தில் ரசாயன நாற்றம். தோட்டத்துக் குட்டையில் ரசாயனம். குழந்தைகளுக்கு நோய். அந்தத் தெருவில் லோயிஸ் கிப்ஸ் என்று ஓர் இல்லத்தரசி. பெரிய படிப்பு கிடையாது. தன் மகன் படிக்கிற பள்ளிக்கூடம் எதன் மேல் நிற்கிறது என்று பத்திரிகையில் படித்தார். படித்ததும் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார். 1978-ல் நெருக்கடி நிலை என்று அறிவித்துப் பக்கத்து வீட்டுக்காரர்களை மட்டும் வெளியேற்றினார்கள். மற்றவர்கள்? 1980 மே மாதம் அந்த அம்மாவும் ஊர்க்காரர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? பேச வந்த இரண்டு அரசாங்க அதிகாரிகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்! ஐந்தாறு மணி நேரம். (சிரிப்பு) இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அடுத்த இரண்டே நாளில் ஜனாதிபதி கார்ட்டர் மற்றவர்களையும் குடிபெயர்க்க வழி செய்தார்.

அதே 1980 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. சூப்பர்ஃபண்ட் என்று சொல்வார்கள். 160 கோடி டாலர் நிதியோடு தொடங்கினார்கள். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? மண்ணைக் கெடுத்தவன் சுத்தம் செய். கழிவை ஏற்றி வந்தவனும் பொறுப்பு. இப்போ அந்த நிலத்துக்குச் சொந்தக்காரனும் பொறுப்பு. "நான் கொட்டினபோது இந்தச் சட்டமே இல்லையே"ன்னு சொல்ல முடியாது, பழைய பாவத்துக்கும் செல்லும்! இன்னொன்று, 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு. இது எப்படின்னா, பத்துப் பேர் ஓட்டலுக்குப் போகிறோம். பரோட்டா, பிரியாணி, எல்லாம் சாப்பிடுகிறோம். ஒன்பது பேர் கை கழுவுகிற மாதிரி நழுவிவிட்டான். கல்லாவில் மாட்டினவன் ஒருத்தன். "நான் ரெண்டு இட்லிதாங்க சாப்பிட்டேன்"கிறான். "அதெல்லாம் தெரியாது, மொத்த பில்லும் நீ கட்டு, அப்புறம் அவன்கிட்டே போய் வாங்கிக்கோ"! அதுதான் அந்தச் சட்டம். (சிரிப்பு, கைதட்டல்)

1995-ல் ஹூக்கரை வாங்கியிருந்த ஆக்சிடென்டல் கம்பெனி மத்திய அரசுக்கு மட்டும் 12 கோடியே 90 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஒரு டாலருக்கு விற்ற நிலம்! மாசுபட்ட இடங்களின் பட்டியலில் இருந்து லவ் கெனால் நீங்கியது 2004-ல்.

இதனால் என்ன ஆச்சு? அமெரிக்காவில் ஒருவன் பழைய பெட்ரோல் பங்க் இடத்தை வாங்கப் போனால்கூட, முதலில் வக்கீலைக் கூப்பிடுகிறான், பிறகு மண் நிபுணரைக் கூப்பிடுகிறான். அம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது, சாயப்பட்டறையா, பாட்டரி கம்பெனியா என்று துருவித் துருவி விசாரிக்கிறான். நாம பெண் கொடுக்கிற வீட்டைப் பற்றி டீக்கடையில் விசாரிப்போமே, அப்படி! கடன் கொடுக்கிற வங்கியும் அந்த அறிக்கையைக் கேட்கும். நாம நிலம் வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? முப்பது வருஷ வில்லங்கச் சான்று. மூலப் பத்திரம். பட்டா, சிட்டா. வாஸ்து. ஈசான மூலையில் கிணறு இருக்கான்னு பார்க்கிறோம், அந்தக் கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்குன்னு பார்க்கிறோமா? மண்ணுக்கு வில்லங்கம் பார்க்கிறோமா? அதைப் பார்த்துச் சொல்வது ஒரு தொழில். அந்தத் தொழிலுக்குப் பிள்ளைகள் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இது ஏதோ அமெரிக்கச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நான் தமிழ் வாத்தியார், மனுநீதிச் சோழனைத் தொடாமல் இறங்கமாட்டேன். இளவரசன் தேரில் போகிறான். கன்றுக்குட்டி தானாக ஓடிவந்து சக்கரத்தில் விழுகிறது. வேண்டுமென்றா செய்தான்? இல்லை. கவனக்குறைவா? அதுகூட இல்லை. அமைச்சர்கள் என்ன சொன்னார்கள்? பரிகாரம் செய்துவிடலாம் மன்னா என்றார்கள். இந்தக் காலத்து மொழியில் சொன்னால், ஒரு சின்ன அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம்! மன்னன் கேட்கவில்லை. உன் தேரால் உயிர் போயிற்று, உன் நோக்கம் எனக்குத் தேவையில்லை என்றான். தண்டனை கடுமைதான், அதை நான் இங்கே சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அந்த நியாயம் இருக்கே, அதைத்தான் 1985-ல் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆபத்தான தொழில் நடத்துகிறாயா? விபத்து நடந்தால் முழுப் பொறுப்பும் உன்னுடையது. "நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்" என்ற பேச்சே கிடையாது. அதை வாதாடி வாங்கியவர் எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர்.

அதே மேத்தாதான் நம்ம வேலூர் வழக்கிலும் நின்றார். இங்கேதான், நடுவர் அவர்களே, எதிரணி என்னை மடக்கப் பார்க்கும். மடக்கட்டும். நானே சொல்லிவிடுகிறேன்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைகள். அந்நியச் செலாவணி கொட்டியது, கழிவுநீரும் கொட்டியது. கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணக்குச் சொன்னது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்தில் 467 கிணற்றைப் பார்த்தால் 350 கிணறு கெட்டிருக்கு. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், சேதம் வருமுன்னே தடுக்க வேண்டும், இரண்டும் இந்த நாட்டின் சட்டம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்றைக்கு இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுத்தாலும் நம்ம வேலூரைச் சொல்லாமல் எடுக்க முடியாது.

சரி, அப்புறம்? இழப்பீட்டுக்காக ஓர் ஆணையம் வந்தது. 2001-ல் யார் யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டது. அப்புறம்? 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் திரும்பச் சொல்கிறது: இன்னும் இழப்பீடு வாங்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசு கொடுக்க வேண்டும், கெடுத்தவர்களிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ள வேண்டும்! மனுப் போட்டது 1991, இது 2025. முப்பத்து நாலு வருஷம். அன்றைக்குத் தென்னந்தோப்பு வைத்திருந்தவர் இன்றைக்கு இருக்கிறாரா? கெட்ட கிணற்றைப் பார்த்துப் பார்த்தே கண்ணை மூடியவர்கள் எத்தனை பேர்? "இதுதான்யா உங்க சட்டம்"னு எதிரணி கேட்பார்கள்.

கேளுங்கள். நியாயமான கேள்வி. இந்த மேடையில் கைதட்டலுக்காக நான் அதை மறைக்கமாட்டேன். ஆனால் ஏன் தாமதம்? தீர்ப்பு என்பது கல்யாணம் மாதிரி. மேளம் அடிக்கும், பத்திரிகையில் வரும். அதற்கப்புறம்தான் குடித்தனம். தீர்ப்பு வந்த மறுநாளிலிருந்து அதைத் துரத்த ஆள் வேண்டும். எந்த ஆலை கட்டியது, எது கட்டவில்லை, எந்தக் குடும்பத்துக்கு வாரிசு யார், எந்தச் சர்வே நம்பர் விட்டுப்போச்சு, இதையெல்லாம் கட்டு கட்டாகத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வக்கீல் வேண்டும். பெரிய வழக்குக்கு ஒரு மேத்தா போதும்; ஊர் ஊருக்குத் துரத்த ஆயிரம் வக்கீல் வேண்டுமே! அந்த ஆயிரம் பேரை நாம் உருவாக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம் என்றால் டாக்டர் வேண்டாம் என்றா சொல்வோம்?

துரத்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் கதை இருக்கு. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் பிச்சிரி என்று ஒரு கிராமம். 'ஹெச் அமிலம்' தயாரித்த ஆலைகளின் கழிவு மண்ணில் இறங்கி, கிணற்றுத் தண்ணீர் கறுத்துப்போனது. 1996-ல் தீர்ப்பு. சுத்தம் செய்ய 37 கோடியே 38 லட்சத்துச் சொச்சம் கட்டு என்று முடிவானது. ஆலைத் தரப்பு கட்டியதா? மனு மேல் மனு, மனு மேல் மனு, பதினைந்து வருஷம் இழுத்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? இழுத்தாயா, சரி, வருஷத்துக்கு 12 சதவீதம் கூட்டு வட்டியோடு கட்டு! வழக்கை இழுத்ததற்குச் செலவாக இன்னும் 10 லட்சம் கட்டு! நம்ம ஊர் மீட்டர் வட்டிக்காரனே எழுந்து நின்று கும்பிடுவான். (சிரிப்பு, கைதட்டல்) தாமதத்தையே தண்டனையாகத் திருப்பிப் போடத் தெரிந்தது சட்டத்துக்கு மட்டும்தான்.

கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையைப் பற்றி எங்கள் அணியில் முன்னால் பேசிய தம்பி விரிவாகச் சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். 2001-ல் மூடிய ஆலை. மண்ணில் பாதரசம். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரைக்கும் விடலாம் என்று அளவு வைத்தார்கள். போதாது, சோலைக்காட்டுக்கு இன்னும் கடுமை வேண்டும் என்று ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் போராடினார்கள். மண்ணில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று அளந்து சொல்வது விஞ்ஞானி. எத்தனை மில்லிகிராம் வரை ஊர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது யார் கேள்வி? அந்த ஆலையில் வேலை பார்த்து, உடம்பு கெட்டுப்போச்சு என்று சொன்ன 591 முன்னாள் தொழிலாளர் தரப்புக்கும் கம்பெனிக்கும் 2016-ல் உடன்பாடு ஏற்பட்டதே, அது உயர் நீதிமன்றத்தில் பத்து வருஷம் வழக்காக நடந்த பிறகுதான் ஏற்பட்டது.

இப்போ வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு வருகிறேன். "எல்லாம் சரி வாத்தியாரே, சோறு போடுமா?" அதானே மனசுக்குள்ளே ஓடுது? ஆரம்பத்தில் கஷ்டம்தான். வேலூர் வழக்கில் அத்தனை வருஷம் வாதாடிய மேத்தாவுக்குத் தமிழக அரசு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன கட்டணம் 50,000 ரூபாய். சினிமா நடிகர் ரிப்பன் வெட்ட வாங்குவதைவிடக் குறைவு. ஆனால் காலம் மாறிக்கொண்டு வருகிறது. 2010-ல் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. தென் மண்டல அமர்வு நம்ம சென்னையிலேயே இருக்கு. 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடத்தை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ சொல்ல வேண்டும், 90 நாளில் முதல் ஆய்வு, அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு, பிறகு பொறுப்பாளி யார் என்று கண்டுபிடித்துச் செலவை அவர் தலையில் கட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் நாடு முழுவதும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. வேலை தொடங்கியது ஏழில்தான். மிச்சம் 96 இடம்! ஒவ்வோர் இடத்துக்கும் அரசுத் தரப்பு வக்கீல், கம்பெனித் தரப்பு வக்கீல், ஊர்த் தரப்பு வக்கீல். நிலம் வாங்குகிற கம்பெனிக்கு ஆலோசனை, கடன் கொடுக்கிற வங்கிக்கு ஆலோசனை. வேலைக்கா பஞ்சம்?

சின்ன விஷயம் ஒன்று, இதை வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் ஒரு கெடுதலை நிறுத்தக் கேட்டுப் போனால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடும், கெட்ட இடத்தைச் சரிசெய்து தரவும் கேட்டால் 5 வருஷம் வரை அவகாசம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் சேர்த்துத் தரலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். தெரியாமல் அந்த அவகாசத்தையும் தாண்டித் தள்ளிப்போட்டால், ஆய்வகத்தில் நூறு அறிக்கை வாங்கி வைத்திருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறிக்கை உண்மைதான், கெட்ட மண்ணும் உண்மைதான், ஆனால் தேதி போச்சு! அந்தத் தேதியைக் காப்பாற்றிக் கொடுக்கிறவன்தான் வக்கீல்.

"பெண் பிள்ளையை வக்கீலுக்குப் படிக்க வைத்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரன் பயப்படுவானே"ன்னு ஓர் அம்மா என்னிடம் கேட்டார்கள். பயப்படட்டுமேம்மா! (கைதட்டல்) லோயிஸ் கிப்ஸ் அதிகாரிகளையே பூட்டி வைத்தார். மருமகளுக்குக் கொஞ்சம் சட்டம் தெரிந்தால் குடியா முழுகிவிடும்?

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஐயா, ஒரே நிமிஷம். எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார்கள்: மூன்று இணைதிறன் குரோமியத்துக்கும் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கும் வித்தியாசம் தெரியாத வக்கீல் நீதிமன்றத்தில் என்ன வாதாடுவார் என்று. ரொம்பச் சரி. எதிர்த்தரப்பு நிபுணர் இரண்டையும் குழப்பி, "எல்லாம் குரோமியம்தானே"ன்னு சொன்னால், எழுந்து நின்று மடக்கத் தெரிய வேண்டும். தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினர் பக்கத்தில் நிபுணர் உறுப்பினரும் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கதைவிட முடியாது. அதனால் உங்கள் பிள்ளை பி.எஸ்சி. வேதியியலோ மண்ணியலோ தாராளமாகப் படிக்கட்டும். படித்து முடித்ததும் மூன்று வருஷச் சட்டப் படிப்பு இருக்கு, நேராக எங்கள் அணிக்கு வரலாம். கதவு திறந்திருக்கு. அதே நேரத்தில், பிளஸ் டூ முடித்து ஐந்து வருஷம் சட்டம் படித்த எங்கள் பிள்ளை, "எம்.எஸ்சி. வேதியியலில் சேரப் போகிறேன்"ன்னு உங்கள் கல்லூரி வாசலில் வந்து நின்றால் சேர்ப்பீர்களா சகோதரி? (சிரிப்பு) சேர்க்கமாட்டீர்கள். உங்க வீட்டுப் பிள்ளை எங்க வீட்டுக்கு வரலாம், எங்க வீட்டுப் பிள்ளை உங்க வீட்டுக்கு வரமுடியாது. பிள்ளை கடைசியில் எந்த வீட்டில் இருக்கிறது என்று நடுவர் எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும். மணி அடிச்சாச்சு. (கைதட்டல்)